காலை பிரேயரும் 28-ஆம் பிரிவும்

ஏப்ரல் மாதம் வந்தால் நம்மைப் போல டிரான்ஸ்பரில் பிழைக்கும் குடும்பங்களில் பேச்சு ஒன்றுதான். எந்த ஊர், எந்தப் பள்ளி, சீட் கிடைக்குமா, கேந்திரிய வித்யாலயாவா தனியார் பள்ளியா? ஃபீஸ், பஸ், இரண்டாவது மொழி எல்லாவற்றையும் விசாரிப்போம். காலையில் அசெம்பிளியில் என்ன பாடுவார்கள் என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. சேர்ந்து ஒரு மாதம் கழித்துப் பிள்ளை வந்து சொல்லும்போதுதான் தெரியும்.

எங்கள் வங்கியில் நாகர்கோவில் பக்கத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். நாக்பூருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கிறிஸ்தவக் குடும்பம். ஆறாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பையன் ஒரு நாள், "அப்பா, பிரேயர்ல கை கூப்பாம சும்மா நேரா நின்னா தப்பா?" என்று கேட்டிருக்கிறான். நண்பருக்குப் பதில் தெரியவில்லை. மதிய உணவு நேரத்தில் என்னிடம் கேட்டார். "நீங்கதான் சட்டம், சரித்திரம்னு ஏதாவது படிச்சிட்டு இருப்பீங்களே, சொல்லுங்க சார்" என்றார்.

நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு வவுச்சர் பார்க்கிற ஆசாமி. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. தேடிப் படித்தபோது, இந்தக் கேள்விக்கு வயது 150 வருஷத்துக்கும் மேல் என்பதும், அதன் முதல் பெரிய சண்டையே நம் சென்னையில்தான் நடந்தது என்பதும் தெரிந்தது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1846: சென்னையில் ஒரு சண்டை

அப்போது கம்பெனி ஆட்சி. சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் ட்வீடேல் பிரபு. அரசு நடத்தும் பள்ளிகளில் பைபிளை வகுப்புப் பாடமாக வைக்கலாம் என்பது அவருடைய யோசனை. படித்த இந்தியர்கள் கம்பெனி உத்தியோகத்தை நம்பி இருந்த காலம் அது. அரசுப் பள்ளியில் பைபிள் பாடம் என்றால், உத்தியோகத்துக்குப் போகும் வழியே மதத்தின் வாசல் வழியாகத்தான் என்று ஆகிவிடும். சென்னைவாசிகள் பயந்ததில் நியாயம் இருந்தது.

எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. சென்னை வியாபாரி. 1844-இல் 'கிரசெண்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கியவர். 1852-இல் சென்னை சுதேசி சங்கத்தை நிறுவியவரும் இவர்தான். காங்கிரஸ் கட்சி பிறப்பதற்கு 33 வருஷம் முன்னால்! 1846-இல் கூட்டம் போட்டு, மனு எழுதி, லண்டனுக்கு அனுப்பினார்கள். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் கவர்னரின் யோசனையை ஏற்கவில்லை.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். லட்சுமிநரசு செட்டியும் அவருடன் இருந்தவர்களும் கடவுள் மறுப்பாளர்கள் அல்ல, நல்ல பக்திமான்கள். 'எங்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் எங்கள் பிள்ளைக்கு இன்னொருவர் மதத்தைச் சொல்லித்தராதே' என்பதுதான் அவர்கள் கேட்டது. பக்திக்கும் இந்தக் கோரிக்கைக்கும் முரண்பாடே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

1854-இல் சார்லஸ் வுட் என்பவர் அனுப்பிய கல்வி அறிக்கை வந்தது. அரசுக் கல்வி நிலையங்களில் தரப்படும் கல்வி முழுக்க மதச்சார்பற்றதாக இருக்க வேண்டும் என்று அது சொன்னது. பைபிள் நூலகத்தில் இருக்கலாம், மாணவன் தானாக வந்து கேட்டால் ஆசிரியர் விளக்கலாம், ஆனால் அது பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டும் என்றும் சேர்த்தது. அதே அறிக்கைதான் தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை தரும் முறையையும் கொண்டுவந்தது. அதனால் மிஷன் பள்ளிகள் பெருகின. ஆக, அரசுப் பள்ளியில் மதம் கிடையாது, உதவி பெறும் பள்ளியில் உண்டு. இந்த இரட்டைக் கணக்கு அன்றைக்குத் தொடங்கியது. அதன் நிழல் நம் அரசியல் சாசனத்திலும் விழுந்திருக்கிறது.

வார்தாவில் காந்தி

நான் இருக்கும் நாக்பூரிலிருந்து வார்தா சுமார் 75 கிலோமீட்டர். 1937-இல் காந்தி அங்கேதான் கல்வி மாநாட்டைக் கூட்டினார். கைத்தொழில் வழிக் கல்வி, அதாவது ஆதாரக் கல்வித் திட்டம் அங்கே உருவானது. அந்தத் திட்டத்தில் மதக் கல்வி கிடையாது. வாழ்நாள் முழுக்கத் தினமும் பிரார்த்தனைக் கூட்டம் நடத்தியவரின் கல்வித் திட்டத்தில் மதப் பாடம் இல்லை என்றால் ஆச்சரியமாக இல்லையா? அவர் காரணமும் சொன்னார். இன்று மதங்கள் கற்பிக்கப்படும் விதமும் பின்பற்றப்படும் விதமும் ஒற்றுமையைவிடச் சண்டையைத்தான் கொண்டுவரும் என்ற பயத்தால் விட்டுவிட்டோம் என்றார். பிரார்த்தனையின் அருமை தெரிந்தவர் சொன்ன பேச்சு இது என்பதால் இதற்கு எடை அதிகம்.

7 டிசம்பர் 1948

அரசியல் நிர்ணய சபையில் இந்த விஷயம் முழுமையாக விவாதத்துக்கு வந்த நாள் இது. அப்போது வரைவில் அது 22-ஆம் பிரிவு. இன்றைக்கு 28.

நம்மூர்க்காரர் ஒருவர் அந்த விவாதத்தில் எழுந்தார். முகமது இஸ்மாயில் சாகிப். நாம் காயிதே மில்லத் என்று அறிந்திருக்கும் அதே தலைவர்தான். யாரையும் கட்டாயப்படுத்தாத வரை, அரசுப் பள்ளியிலும் மத போதனைக்குத் தடை இருக்கக் கூடாது என்பது அவர் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. விருப்பம் உள்ளவன் படிக்கட்டும், இல்லாதவன் விடட்டும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அம்பேத்கர் பதில் சொன்னார். அதன் சாரத்தை என் வார்த்தையில் தருகிறேன். முதலாவது காரணம் பணம். ஒரு குறிப்பிட்ட மதத்தின் நன்மைக்காக யாரிடமும் வரி வாங்கக் கூடாது என்று இன்னொரு பிரிவில் (இன்றைய 27) ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஒரு ஜில்லா போர்டு பள்ளியில் இந்துப் பிள்ளைகள் அதிகம் என்று இந்து மத போதனை வைத்தால், எல்லோருடைய வரியும் ஒரு மதத்துக்குப் போகும். இரண்டாவது, இங்கே மதங்கள் பல. பம்பாய் மாதிரி ஊரில் ஒரு வகுப்பில் எத்தனை மதத்துப் பிள்ளைகள்? எல்லோருக்கும் தனித்தனியாகப் போதனை வைக்க அரசால் முடியுமா? மூன்றாவது கொஞ்சம் காரமானது. இந்நாட்டு மதங்கள் ஒன்றோடொன்று பழகும் விதத்தில் சமூக விரோதமாகவே நடந்துகொள்கின்றன, என் வழிதான் மோட்சத்துக்கு ஒரே வழி என்று ஒவ்வொன்றும் சொன்னால் வகுப்பறையின் அமைதி என்ன ஆவது என்றார்.

கூடவே இன்னொன்றையும் தெளிவுபடுத்தினார். மத போதனை வேறு, மதத்தைப் பற்றிய ஆய்வும் படிப்பும் வேறு. இரண்டாவதற்குத் தடை இல்லை.

வரைவில் 'அரசால் மத போதனை அளிக்கப்படக் கூடாது' என்று இருந்தது. இறுதி வடிவத்தில் 'அரசால்' என்ற சொல் இல்லை. சின்னத் திருத்தம்தான். ஆனால் ஒப்பந்தப் பத்திரம் படித்துப் பழகியவர்களுக்கு அதன் கனம் புரியும். அரசே செய்தாலும், வெளியாள் வந்து செய்தாலும், அந்தக் கட்டடத்தில் கூடாது என்று ஆகிவிட்டது.

28-ஆம் பிரிவு: ஒரு கணக்குப் பிள்ளையின் பார்வையில்

இந்தப் பிரிவைப் படித்தபோது எனக்கு ஒரே குஷி :-) ஏனென்றால் இது முழுக்கப் 'பணம் யாருடையது' என்ற கேள்வியை வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. மூன்று கணக்குத் தலைப்புகள்.

1. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையம். மத போதனை கிடையவே கிடையாது. பெற்றோர் அனைவரும் சம்மதித்தாலும் கிடையாது.

2. நிர்வாகம் அரசுடையது, ஆனால் ஏதோ ஒரு தர்ம சொத்தோ டிரஸ்டோ வைத்து நிறுவியது. அந்தப் பத்திரத்தில் மத போதனை தர வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், தரலாம். கொடுத்தவரின் நிபந்தனையை மதிக்கிறார்கள்.

3. அரசின் அங்கீகாரம் அல்லது உதவிப் பணம் பெறும் கல்வி நிலையம். மத போதனையும் நடத்தலாம், வழிபாடும் நடத்தலாம். ஆனால் எந்த மாணவரையும் அதில் பங்கெடுக்கச் சொல்லக் கூடாது. அவர் சம்மதித்திருக்க வேண்டும். மைனர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதித்திருக்க வேண்டும்.

இந்த மூன்றாவதை மறுபடி படியுங்கள். பலரும் இதைத் 'வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம்' என்று புரிந்துகொள்கிறார்கள். சாசனம் அப்படிச் சொல்லவில்லை. முதலில் சம்மதம் வேண்டும், பிறகுதான் பங்கேற்பு. நம் வங்கிப் பாஷையில் சொன்னால், நீங்கள் கையெழுத்துப் போட்ட இ.சி.எஸ். மேன்டேட் இல்லாமல் உங்கள் கணக்கிலிருந்து மாதத் தவணை எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டு, "வேண்டாமென்றால் வந்து சொல்லியிருக்கலாமே" என்று வங்கி சொல்ல முடியாது. ஆனால் நம் பள்ளிகளில் நடப்பது என்னவோ அதுதான். யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதில்லை, எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்.

நானே திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் படித்தவன். காலையில் ஜெபம், பாட்டு எல்லாம் உண்டு. எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் பாடினோம். வீட்டுக்கு வந்து திருநீறு பூசிக்கொண்டோம். அப்பாவிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை, அப்பாவும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் எனக்குக் குறையவில்லை என்பதால், வேறொருவர் வீட்டுப் பிள்ளைக்கும் குறையாது என்று நான் கையெழுத்துப் போட முடியாது. ஒருவர் கணக்கில் இன்னொருவர் கையெழுத்து செல்லாது, அல்லவா?

இரண்டு கமிஷன்கள்

சாசனம் எழுதியாயிற்று. பள்ளியில் என்ன செய்வது? டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949-இல் அறிக்கை தந்தது. கல்வி நிலையங்கள் தினமும் சில நிமிட மௌன தியானத்தோடு தொடங்கட்டும் என்பது அதன் யோசனைகளில் ஒன்று. மௌனத்துக்கு மொழியும் இல்லை, மதமும் இல்லை. திருத்தணிக்காரரின் மூளை!

அடுத்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நெடுங்காலத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் இடைநிலைக் கல்விக் குழு (1952-53). மத போதனை தருவதானால் விருப்பத்தின் பேரில், பள்ளி நேரத்துக்கு வெளியே, அந்தந்த மதத்துப் பிள்ளைகளுக்கு மட்டும், பெற்றோர் சம்மதத்தோடு தரலாம் என்றது. ஏறக்குறைய நூறு வருஷம் முன் வுட் அறிக்கை சொன்ன 'பள்ளி நேரத்துக்கு வெளியே' திரும்பவும் வந்துவிட்டது பாருங்கள்.

கேரளத்தில் மூன்று பிள்ளைகள்

இனி நீதிமன்றத்துக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த வழக்கு, பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு. இது பிரார்த்தனை வழக்கு அல்ல, தேசிய கீத வழக்கு. ஆனால் நாகர்கோவில் நண்பரின் பையன் கேட்ட கேள்விக்கு மிக அருகில் இருக்கும் தீர்ப்பு இதுதான்.

கோட்டயம் பக்கம் ஒரு பள்ளி. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், 10, 9, 5-ஆம் வகுப்புகளில். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். தங்கள் கடவுளைத் தவிர வேறு எதையும் போற்றிப் பாடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. வருஷக்கணக்காக யாருக்கும் இது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. 1985-இல் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டது. சட்டசபையில் கேள்வி, விசாரணை. பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை என்றுதான் விசாரணையில் தெரிந்தது. ஆனாலும் 26 ஜூலை 1985 அன்று பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கேரள உயர் நீதிமன்றத்தில் தோல்வி. உச்ச நீதிமன்றம் 11 ஆகஸ்ட் 1986 அன்று தீர்ப்பு சொன்னது. நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத். அவர்கள் வைத்த கேள்விகள் எளிமையானவை. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? எதுவும் இல்லை, கல்வித் துறையின் சுற்றறிக்கைதான் இருக்கிறது. சுற்றறிக்கையை வைத்து அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது. 1971-ஆம் வருஷத்துச் சட்டம் தேசிய கீதம் பாடுவதைத் தடுப்பவரையும் கூட்டத்தைக் குலைப்பவரையும்தான் தண்டிக்கிறது. இந்தப் பிள்ளைகள் யாரையும் தடுக்கவில்லையே, மரியாதையாக நின்றார்களே? பேச்சுரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடக்கம். பிள்ளைகளின் நம்பிக்கை நமக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் அது உண்மையான, மனசாட்சிப்படியான நம்பிக்கையா என்பதுதான் கேள்வி. பிள்ளைகளை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு. நம் மரபும் தத்துவமும் சாசனமும் சகிப்பைத்தான் சொல்கின்றன, அதை நீர்த்துப்போக விடாதீர்கள் என்ற பொருளில் தீர்ப்பை முடித்தார்கள்.

அமெரிக்காவில் இதே பிரிவினருக்கு இதே பிரச்சினை வந்திருக்கிறது. அங்கே கொடி வணக்கம். 1940-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிள்ளைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்றே வருஷத்தில், 1943-இல், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது.

அமெரிக்கா என்றதும் இன்னொன்று. நம்மில் பலருக்கு மச்சானோ தம்பியோ அங்கே இருப்பார்கள், 'இங்கெல்லாம் ஸ்கூல்ல பிரேயரே கிடையாது' என்பார்கள். 1962-இல் வந்த ஏங்கல் வழக்கின் விளைவு அது. நியூயார்க் கல்வி வாரியம் எந்த மதத்தையும் குறிப்பிடாமல் 22 சொற்களில் ஒரு பொதுப் பிரார்த்தனை எழுதியது. விருப்பம் இல்லாத பிள்ளை பேசாமல் நிற்கலாம், வெளியேயும் போகலாம். அப்படியும் செல்லாது என்றது நீதிமன்றம், ஒன்றுக்கு ஆறு என்ற கணக்கில். பிரார்த்தனை எழுதித் தருவது அரசின் வேலை இல்லை, அவ்வளவுதான். ஆனால் பிள்ளை தானாக மனசுக்குள் வேண்டிக்கொள்வதை அங்கே யாரும் தடுக்கவில்லை. பரீட்சை இருக்கும் வரை பிரார்த்தனையும் இருக்கும் :-) பிறகு 2022-இல், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்டுப் பிரார்த்தித்த ஒரு கால்பந்துப் பயிற்சியாளருக்குச் சாதகமாக அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, அங்கேயும் கோடு ஒரே இடத்தில் நிற்கவில்லை.

போதனையா, பிரார்த்தனையா?

நம் ஊருக்குத் திரும்புவோம். முக்கியமான முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 28-இன் முதல் உட்பிரிவு 'மத போதனை' என்று மட்டும்தான் சொல்கிறது. மூன்றாவது உட்பிரிவு 'மத போதனை, மத வழிபாடு' என்று இரண்டையும் சொல்கிறது. அப்படியானால் முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் பிரார்த்தனை நடத்தலாமா? அது போதனையில் சேருமா, சேராதா?

நீதிமன்றங்கள் 'போதனை' என்ற சொல்லுக்குக் குறுகிய பொருளே தந்து வந்திருக்கின்றன. 1971-இல் பஞ்சாப் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில், குருநானக்கின் வாழ்வையும் உபதேசங்களையும் பல்கலைக்கழகத்தில் ஆராய்வது மத போதனை ஆகாது என்றார்கள். 2002-இல் அருணா ராய் வழக்கில், பாடத்திட்டத்தில் எல்லா மதங்களைப் பற்றியும் படிப்பது 28-க்கு விரோதமல்ல என்றார்கள். அம்பேத்கர் 1948-இல் பிரித்த அதே பிரிவுதான். ஆனால் மதத்தைப் பற்றிப் படிப்பது ஒன்று, கண்ணை மூடிக் கை கூப்பிச் சொல்வது இன்னொன்று. இந்த இரண்டாவதைப் பற்றி அந்தத் தீர்ப்புகள் நேரடியாகப் பேசவில்லை.

2013-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு ஆசிரியர் போனார். நாசிக்கில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் வேலை. பிரார்த்தனையின்போது கை கூப்பவில்லை என்பதற்காக அவருக்கு உயர் சம்பள நிலையை மறுத்துவிட்டார்கள். கை கூப்பச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது அடிப்படை உரிமைக்கு விரோதம் என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கவனியுங்கள், இது மூன்றாவது கணக்குத் தலைப்பில் வரும் பள்ளி.

முதல் தலைப்புக்கான வழக்கு 2017-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அதுதான் நம் எல்லோருக்கும் வேண்டிய கேந்திரிய வித்யாலயா. 1963-இல் ராணுவ முகாம்களில் நடந்துகொண்டிருந்த 20 பள்ளிகளை எடுத்துக்கொண்டு தொடங்கிய அமைப்பு, டிரான்ஸ்பர் குடும்பங்களுக்காகவே பிறந்தது. அங்கே அசெம்பிளியில் 'அசதோ மா' என்ற உபநிடத மந்திரமும், ஒரு இந்திப் பிரார்த்தனைப் பாடலும் உண்டு. மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் இது கட்டாயமாக இருக்கலாமா என்பது மனுதாரரின் கேள்வி. இந்த வரிகள் எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமல்ல, உலகப் பொது உண்மைகள், உச்ச நீதிமன்றத்தின் இலச்சினை வாசகமே மகாபாரதத்திலிருந்து வந்ததுதானே என்று அரசுத் தரப்பில் சொலிசிட்டர் ஜெனரல் வாதாடினார். 28 ஜனவரி 2019 அன்று நீதிபதிகள் ரோஹின்டன் நாரிமன், வினீத் சரண் இருவரும், இது அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கேள்வி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பிவைத்தார்கள். 2022 செப்டம்பரில் மறுபடி விசாரணைக்கு வந்தபோதும் தீர்ப்பு வரவில்லை.

சொலிசிட்டர் ஜெனரல் வாதத்தில் விஷயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போக வேண்டும் என்று கேட்பதில் யாருக்கு என்ன ஆட்சேபம்? ஆனால் அதே வாதத்தை 1846-இல் ட்வீடேல் பிரபுவும் சொல்லியிருக்கலாம். பைபிளிலும் எல்லோருக்குமான நீதி இருக்கத்தானே செய்கிறது? அப்போது நம் முன்னோர்கள், 'நல்ல விஷயம்தான், ஆனால் அரசுப் பள்ளியில் வேண்டாம்' என்றார்கள். அன்று நாம் மனு எழுதிய பக்கத்தில் இருந்தோம். இன்று பெரும்பான்மை வரிசையில் நிற்கிறோம். நிற்கும் இடம் மாறினால் நியாயம் மாறுமா?

மொழி வேறு, மதம் வேறு

எங்கள் குடியிருப்பில் ஒரு அம்மாவுக்கு வேறு குறை. "என் பொண்ணுக்குத் தமிழ்ல ஒரு தேவாரம் தெரியாது, இந்தி பிரேயர் மட்டும் தலைகீழா ஒப்பிக்கிறா" என்பார். நம் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு உள்ளூர இருக்கும் வருத்தம் இதுதான். பிரேயரின் மதம் உறுத்துவதில்லை, மொழிதான் உறுத்துகிறது. ஆனால் 28-ஆம் பிரிவு இதற்கு உதவாது. அது மதத்தைப் பற்றியது மட்டும். மொழிக் குறையை மதச் சட்டத்தின் கணக்கில் எழுதினால் டேலி ஆகாது. தேவாரத்தை வீட்டில் நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு வேறு வழியில் தீர்வு கண்டார்கள். 1970-இல் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, அரசு விழாக்களில் கடவுள் வாழ்த்துக்குப் பதிலாக, மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் தமிழ்த்தாய் வாழ்த்து என்று ஆணை வந்தது. தெய்வத்தின் இடத்தில் மொழி. ஆனால் அங்கேயும் கேள்வி விடவில்லை. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அது பிரார்த்தனைப் பாடல்தான், கீதம் அல்ல, எழுந்து நிற்கச் சட்டக் கட்டாயம் இல்லை, ஆனால் மரியாதை காட்டுவது மரபு என்றது. சில நாளிலேயே, 17 டிசம்பர் 2021 அன்று, தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணையிட்டது (மாற்றுத் திறனாளிகளுக்கு விலக்கு உண்டு). எழுந்து நிற்பதை வைத்து அன்பை அளக்கும் ஆசை எல்லா அரசுக்கும் உண்டு போல.

நண்பருக்குச் சொன்னது

கடைசியில் அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். சட்டம் அவர் பக்கம் நிறையவே இருக்கிறது. பையன் எழுந்து, மரியாதையாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் நின்றால், 1986-இன் நியாயம் அவனுக்கும் பொருந்தும் என்றே நான் படிக்கிறேன். கை கூப்ப மனசு ஒப்பவில்லை என்றால், அசெம்பிளி வரிசையில் அந்தப் போராட்டத்தைப் பையன் தலையில் வைக்க வேண்டாம். 11 வயதுப் பிள்ளை 600 பேர் நடுவே தனியாகக் கையைக் கீழே விட்டு நிற்பது, கோர்ட்டில் வாதாடுவதைவிடக் கஷ்டம். பெற்றோர் போய் வகுப்பாசிரியரிடமும் பிரின்சிபாலிடமும் முதலில் நேரில் பேசட்டும், பிறகு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளட்டும். குரலை உயர்த்த வேண்டியதில்லை. சாசனமே சம்மதத்தைப் பெற்றோர் கையில்தான் கொடுத்திருக்கிறது, பிள்ளை கையில் அல்ல.

நம்மைப் போல வரிசையில் சுகமாக நிற்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் பிள்ளையிடம், "பக்கத்துல நிக்கிறவன் கை கூப்பலன்னா அவனை முறைச்சுப் பார்க்காதே, கிண்டல் பண்ணாதே" என்று சொல்லி வைக்கலாம். அதற்கு மனுவும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம்.

நண்பர் மறுநாளே ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். ஏழே வரிகள், நல்ல கையெழுத்து. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தித் தந்தேன். பள்ளியில் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளிகளில் இது எப்படி நடக்கிறது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள், பள்ளியின் பெயரை மட்டும் விட்டுவிட்டு.